டாலியில் மதிலுக்கு வெளியே தொடங்கும் ஊர்

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குப் போகிறவர்கள் டாலிக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான். 2018இல் அதிவேக ரயில் பாதை திறந்த பிறகு, மாகாணத் தலைநகரான குன்மிங்கில் காலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம். ரயில் நிலையம் இருக்கும் ஷியாகுவானிலிருந்து 15 கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே போய், பழைய நகரத்தின் தெற்கு வாசலில் நுழைந்து, ஃபூஷிங் தெருவின் வெள்ளிக் கடைகளையும் ரோஜாப்பூ அப்பக் கடைகளையும் பார்த்துக்கொண்டே வடக்கு வாசல் வரை நடந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் லிஜியாங்குக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே வாழும் பை என்ற இன மக்களின் ஊரைப் பார்த்துவிட்டோம் என்ற நினைப்போடு. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. அவர்கள் நடந்து பார்த்த அந்தச் சதுர நகரமும் மதிலும் நேர்கோட்டுத் தெருக்களும், இந்த மண்ணை வென்ற மிங் பேரரசின் படை 1382இல் வந்து போட்ட கோடு. உள்ளே பை குடும்பங்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மக்கள் எப்படி வீடு கட்டுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மதிலைத் தாண்டி, மலைக்கும் ஏரிக்கும் நடுவில் வயல்களோடு கிடக்கும் கிராமங்களுக்குப் போக வேண்டும்.

முதலில் அந்த நிலத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மேற்கே சாங்ஷான் மலைத்தொடர்: 19 சிகரங்கள், அவற்றுக்கு நடுவே 18 ஓடைகள், உயரமான சிகரம் 4,122 மீட்டர். கிழக்கே எர்ஹாய் ஏரி: வடக்கு தெற்காக ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம், 250 சதுர கிலோமீட்டர் பரப்பு. நீர்மட்டமே கடலிலிருந்து ஏறத்தாழ 1,970 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எர்ஹாய் என்றால் காதுக் கடல், மேலிருந்து பார்த்தால் காது வடிவம் என்பதால் அந்தப் பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நீண்ட சமவெளிப் பட்டை. மலையின் 18 ஓடைகளும் அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டி, வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஏரியில் விழுகின்றன. ஏரி நிரம்பினால் தெற்கு முனையில் ஷியாகுவான் வழியாக ஷியர் என்ற சிற்றாறாக வெளியேறி, மேற்கே மலை இடுக்கில் ஓடி, கடைசியில் மீகாங் நதியில் கலக்கிறது. ஷியாகுவான் என்றால் கீழ் வாசல். வடக்கு முனையில் ஷாங்குவான், மேல் வாசல். இரண்டு முனைகளிலும் மலை ஏரியை நெருங்கி வந்துவிடுவதால், இந்த இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் உள்ளே வருவது எந்தப் படைக்கும் கஷ்டம். இங்கே 500 ஆண்டுக்கு மேல் தனி அரசுகள் நிலைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

முதல் அரசு நான்ஜாவ். ஆறு சிறு அரசுகளில் ஒன்றின் தலைவனான பிலுவோகே மற்றவற்றை அடக்கி, 738இல் சீனாவை ஆண்ட தாங் பேரரசின் அங்கீகாரத்தோடு ஒன்றாக்கியது அது. சில ஆண்டுகளிலேயே உறவு கெட்டு, 751இலும் 754இலும் தாங் அரசு பெரும் படைகளை அனுப்பியது. இரண்டும் இந்த ஏரிப் பள்ளத்தாக்கில் அழிந்தன. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வென்றவர்கள் இறந்த எதிரி வீரர்களைத் திரட்டி அடக்கம் செய்தார்கள், அந்தச் சமாதி இன்றும் ஷியாகுவானில் இருக்கிறது. 766இல் ஒரு பெரிய கல்வெட்டை நட்டு, தாங்களாக விரும்பிப் பேரரசை எதிர்க்கவில்லை, எதிர்க்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டோம் என்று விரிவாக எழுதி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. 754இல் படை நடத்தி வந்து இங்கேயே மாண்ட தாங் தளபதி லி மி, காலப்போக்கில் இந்த ஊரின் சாமியாகிவிட்டார். ஷியாகுவானுக்கு மேலே மலைச்சரிவில் ‘தளபதி குகை’ என்று அழைக்கப்படும் கோயிலில் இருப்பவர் அவர்தான். தங்களைக் கொல்ல வந்தவனுக்கே கோழி அறுத்துப் படையல் வைத்துப் பிள்ளைகுட்டியின் நலம் கேட்கிறார்கள்.

இந்த வழிபாட்டுக்கு ‘பென்ஜு’ என்று பெயர், ஊருக்கு உரியவர் என்று பொருள். நம் பேச்சில் சொன்னால் ஊர்க்காவல் தெய்வம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பென்ஜு, சில சமயம் இரண்டு மூன்று கிராமத்துக்குச் சேர்த்து ஒருவர். அவர் அரசராக இருக்கலாம், மலைப்பாம்பைக் கொல்ல உடம்பெல்லாம் கத்தி கட்டிக்கொண்டு அதன் வாய்க்குள்ளேயே போய் உயிர்விட்ட துவான் சிசெங் என்ற இளைஞனாக இருக்கலாம், பௌத்தத்தின் வழியே வந்த மகாகாலனாகக்கூட இருக்கலாம். பெரிய கோயிலில் புத்தர் இருந்தாலும், குழந்தை பிறந்தாலும் வீடு கட்டினாலும் யாராவது செத்தாலும் முதலில் போய்ச் சொல்வது பென்ஜுவிடம்தான். கிராமத்துக்குள் நடக்கும்போது பெரிய ஆல் வகை மரம் ஒன்றைத் தேடுங்கள். பை ஊர்களில் அப்படி ஒரு மரமில்லாத நடு இடம் அபூர்வம், ஊரே அதன் நிழலில் கூடும்.

மகாகாலன் எப்படி இங்கே வந்தார் என்று கேட்கத் தோன்றும். நான்ஜாவுக்குப் பிறகு, 937இல் துவான் சிபிங் தொடங்கிய டாலி அரசு 1253இல் மங்கோலியரான குப்லாய் கானிடம் வீழும் வரை நின்றது, அதன் மன்னர்களில் பலர் பட்டத்தைத் துறந்து துறவியானவர்கள். அவர்களுடைய பௌத்தம் சீனம், திபெத், பர்மா, இந்தியா எனப் பல வழிகளில் வந்து சேர்ந்த தாந்திரிக பௌத்தம். அதை நடத்திய குருமார்களை இங்கே ‘அஜாலி’ என்பார்கள். நாம் ஆசாரியர் என்று சொல்கிறோமே, அதே சமஸ்கிருதச் சொல்தான் பை நாட்டு நாக்கில் இப்படி ஆகியிருக்கிறது. நான்ஜாவின் கடைசிக்கால அரசர் ஒருவர் தன்னை மகாராஜா என்றே அழைத்துக்கொண்டார். கடைத்தெருவில் புழங்கிய பணமும் கடல் கடந்து வந்ததுதான்: சோழி. 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்கே சோழியைக் காசாகப் பயன்படுத்துகிறார்கள், அது இந்தியாவிலிருந்து வருகிறது என்று குறித்திருக்கிறார். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், மலைக்கு நடுவில், இந்தியப் பெருங்கடல் சோழியை எண்ணிக் கொடுத்து அரிசி வாங்கினார்கள் என்பதை நினைத்தால், ‘ஒதுக்குப்புறமான ஊர்’ என்ற எண்ணம் கலைந்துவிடும்.

பழைய நகரத்துக்கு அருகே இருக்கும் மூன்று பௌத்தக் கோபுரங்களை எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். நடுவில் இருப்பது 16 அடுக்கு, 69.13 மீட்டர், 9ஆம் நூற்றாண்டு நான்ஜாவ் காலத்தது; இரண்டு பக்கமும் உள்ளவை 10 அடுக்கு, எண்கோண வடிவம், பிற்காலத்தவை. 1925இல் பெரிய நிலநடுக்கம் வந்து நகரத்தில் வீடுகள் சரிந்தபோதும் மூன்றும் நின்றன. 1970களின் கடைசியில் பழுது பார்த்தபோது உள்ளேயிருந்து நூற்றுக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. ஒல்லியான இடையும் நேர் நிற்பும் கொண்ட, வேறு எந்தச் சீன ஊரிலும் காணாத சாயலுள்ள அவலோகிதேசுவரர் சிலைகளும் அவற்றில் உண்டு. கோபுரங்களுக்குப் பின்னால் மலை மேலே ஏறிப்போகும் பிரம்மாண்டமான கோயில் இந்த நூற்றாண்டில் கட்டியது. கால் வலித்தால் அதை விட்டுவிடலாம்.

நகரத்துக்குள் நேரமிருந்தால் அருங்காட்சியகம் போங்கள். 1856 முதல் 1872 வரை சிங் பேரரசை எதிர்த்து டாலியைத் தலைநகராக வைத்து ஆண்ட முஸ்லிம் தலைவர் து வென்ஷியுவின் அரண்மனை அது. அந்தக் காலத்துப் போரில் செத்தவர்கள் ஏராளம். ஹுய் முஸ்லிம்கள் இன்றும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள், பன்றி சாப்பிடாதவர்களுக்கு அவர்களுடைய உணவகங்கள் பெரிய ஆறுதல்.

சரி, மதிலுக்கு வெளியே வருவோம். வடக்கே 18, 20 கிலோமீட்டரில் ஷிஜோவ். ஒருநாள்தான் கையில் இருக்கிறது என்றால் பழைய நகரத்தை விட்டுவிட்டு இங்கே போங்கள் என்றுதான் சொல்வேன். இது வியாபாரிகளின் ஊர். யான், தோங், யின், யாங் என்ற குடும்பங்கள் தேயிலையும் பட்டு நூலும் துணியும் வைத்துக் பொதி சுமக்கும் குதிரைகள் போகும் பாதைகளில் பர்மாவின் மாண்டலே வரை வணிகம் நடத்தின. இன்று கிண்ணம் கவிழ்த்த மாதிரி அமுக்கி விற்கும் ‘துவோ’ தேயிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷியாகுவானில் உருவானதில் யான் குடும்பத்தின் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ஜப்பானியப் போர்க்காலத்தில் வூஹானிலிருந்து ஒரு பல்கலைக்கழகமே மாணவர்களோடு இடம்பெயர்ந்து வந்து இந்தச் சின்ன ஊரில் சில ஆண்டுகள் வகுப்பு நடத்தியது, அதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு இங்கே கட்டடமும் காசும் இருந்தன.

இங்குள்ள வீடுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சீனாவின் மற்ற பகுதிகளில் நல்ல வீடு தெற்குப் பார்த்திருக்கும். இங்கே கிழக்குப் பார்த்திருக்கும். மலை மேற்கே, காற்றும் அந்தப் பக்கமிருந்து வரும், அதிலும் ஷியாகுவான் இடுக்கு வழியாகப் புகும் காற்று பேர்போனது. எனவே வீட்டின் முதுகு மலைக்கு, முகம் ஏரிக்கு. அப்படியானால் சாங்ஷான் பின்னால் சூரியன் சாயும்போது வீடு சீக்கிரமே இருட்டிவிடாதா? அதற்குத்தான் முற்றத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு உயரமான வெள்ளைச் சுவர் கட்டுகிறார்கள். பிற்பகல் வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி முற்றத்துக்கும் கூடத்துக்கும் வெளிச்சம் தருகிறது. ‘மூன்று கட்டு, ஒரு வெளிச்சச் சுவர்’ என்பதுதான் இந்த வீட்டமைப்பின் பெயரே. இன்னும் வசதியானவர்கள் நான்கு கட்டும் ஐந்து முற்றமும் வைத்துக் கட்டினார்கள். வெள்ளைச் சுவரில் நான்கு எழுத்து எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் கதவைத் தட்டாமலே குடும்பப் பெயரைச் சொல்லிவிடலாம்: தூய்மையைக் குலச்சொத்தாகச் சொன்னால் யாங் வீடு, நூறு பொறுமையைச் சொன்னால் ஜாங் வீடு, நீலத்தாமரையைச் சொன்னால் கவிஞர் லி பையைக் குலமுன்னோராகக் கொண்டாடும் லி வீடு. சுற்றுச்சுவர்கள் பெரும்பாலும் ஓடைகள் உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கல்லால் ஆனவை. கூழாங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினாலும் அது சாயாது என்பது இந்த ஊரின் பெருமைகளில் ஒன்று. இந்த மலையில் வெட்டியெடுத்த, மலையும் மேகமும் வரைந்தது போல் ரேகை ஓடும் பளிங்கு இவ்வளவு புகழ்பெற்றதால், சீன மொழியில் பளிங்குக்குப் பெயரே ‘டாலிக் கல்’.

வெள்ளை இவர்களுக்கு வெறும் சுண்ணாம்பு நிறம் இல்லை. பை என்ற சொல்லுக்கே வெள்ளை என்று அர்த்தம். ஷியாகுவானின் காற்று, ஷாங்குவானின் பூ, சாங்ஷானின் பனி, எர்ஹாயின் நிலா என்று ஊரின் நான்கு அழகுகளைச் சொல்வார்கள், இளம்பெண்களின் தலையணியில் அந்த நான்கும் இருக்கும். தொங்கும் வெள்ளைக் குஞ்சம் காற்று, பூவேலை பூ, மேலே பஞ்சு போன்ற வெண்மை பனி, வளைந்த வடிவம் நிலா. சந்தையில் பாட்டிமார் கட்டும் தலைத்துணி வேறு மாதிரி, நீலமும் கறுப்புமாக, வேலைக்கு ஏற்றதாக இருக்கும். படத்துக்காக வாடகைக்குக் கிடைக்கும் உடையைவிட அதுதான் என் கண்ணுக்கு அழகு.

அப்புறம் சாப்பாடு. ஷிஜோவ் சதுக்கத்திலேயே தொடங்கலாம். ‘பாபா’ என்ற தட்டையான கோதுமை ரொட்டியை அகலமான சட்டியில் வைத்து, கீழே கரி, மேலே மூடியாக வைத்த தட்டிலும் கரி, இரண்டு பக்கத் தணலிலும் ஒரே நேரத்தில் வேகவைத்து எடுப்பார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். இனிப்பில் நாட்டுச் சர்க்கரையும் ரோஜாப் பாகும், காரத்தில் வெங்காயத்தாளும் சிச்சுவான் மிளகும் பன்றிக் கொத்தும். சைவர்கள் இனிப்பைக் கேட்கலாம், ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு பூசுவது வழக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அடுத்து ‘ரூஷான்’. சீனாவில் பெரும்பாலான இடங்களில் பாலைத் திரித்துச் சாப்பிடும் பழக்கம் கிடையாது, இங்கே உண்டு. ஏரிக்கு வடக்கே எர்யுவான், தெங்சுவான் பக்கத்தில் நீரும் புல்லும் தாராளம், மாடு வளர்ப்பு பழைய தொழில். புளித்த நீரைச் சட்டியில் சூடாக்கி அதில் பாலை ஊற்றிக் கிளறுவார்கள், பால் திரிந்து இழுபடும் கட்டியாகத் திரளும். அதைச் சூட்டோடு சூடாகப் பிசைந்து, கையால் மெல்லிய ஏடாக இழுத்து, இரண்டு மூங்கில் கழிகளில் சுற்றிக் காயப்போடுவார்கள். காய்ந்தால் விசிறி மாதிரி இருக்கும், பெயரும் பால் விசிறி என்பதுதான். தெருவில் தணலில் வாட்டி, ரோஜாப் பாகு தடவி, குச்சியில் சுருட்டித் தருவார்கள். எண்ணெயில் பொரித்தால் அப்பளம் போல் உப்பும். பால் மணமும் லேசான புளிப்பும் சேர்ந்த அந்த ருசி முதல் கடியில் சிலருக்குப் பிடிக்காது. பொரித்ததிலிருந்து தொடங்கினால் பழகிவிடும்.

புளிப்பு இந்தச் சமையலின் நடுநாயகம். ஏரி மீனைக் காரமும் புளிப்புமாகக் குழம்பு வைப்பார்கள், புளிப்புக்குச் சேர்ப்பது ‘முகுவா’ என்ற காயின் உலர்ந்த வில்லைகள். இங்கே ஒரு குழப்பம் வரும். சீனத்தில் பப்பாளிக்கும் முகுவா என்றுதான் பெயர், அதனால் கைபேசியில் உணவுப் பட்டியலை மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘பப்பாளி மீன்’ என்று வரும். இது பப்பாளி இல்லை, மலைப்பகுதியில் விளையும், பச்சையாகக் கடித்தால் பல் கூசும் வேறொரு காய். இந்தக் குழம்பைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள், கூடவே வெள்ளைச் சோறும். மண்சட்டியில் மீனோடு சோயாக் கட்டி, காளான், உப்பிட்ட பன்றித் தொடை எல்லாம் போட்டு மெல்ல வேகவைக்கும் குழம்பு இன்னொன்று. அதில் காரம் கிடையாது, குளிர் நாளுக்கு இதமானது. சோற்றைப் புழுங்க வைத்து இடித்துக் கட்டியாக்கி, வில்லையாகவோ நூலாகவோ நறுக்கிச் சமைக்கும் ‘எர்குவாய்’ காலைப் பலகாரம். பச்சைப் பிளம் பழத்தில் கத்தியால் பூ வடிவம் செதுக்கி, கொட்டையை எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் நாள்கணக்கில் ஊறவைக்கும் ‘செதுக்குப் பிளம்’ ஒரு கைத்திறன். கல்யாணப் பெண்ணின் கைவேலையை அதை வைத்தே எடைபோட்டிருக்கிறார்கள்.

‘ஷெங்பி’ பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பன்றியை அறுத்ததும் வைக்கோல் தீயில் தோலைப் பொன்னிறமாகக் கருக்கி, சுரண்டிக் கழுவி, தோலையும் அடுத்துள்ள இறைச்சியையும் அப்படியே வில்லையாகச் சீவி, பூண்டு, மிளகாய், மல்லித்தழை, பிளம் காடி சேர்த்த சாறில் தொட்டுச் சாப்பிடுவது. விருந்து என்றால் இது இல்லாமல் இருக்காது. மார்க்கோ போலோவும் இந்தப் பக்கத்தில் பச்சை இறைச்சியைப் பொடியாகக் கொத்திப் பூண்டுச் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவதை எழுதியிருக்கிறார், அவ்வளவு நீண்ட பழக்கம். ஆனால் தோல் தீயில் பட்டாலும் உள்ளே இறைச்சி வேகவில்லை. வேகாத பன்றியால் வரும் புழுத்தொற்று யுன்னானில் அறியாத நோய் இல்லை. மரியாதையோடு மறுத்துவிட்டு அந்தச் சாறை வேறு எதற்காவது தொட்டுக்கொள்ளுங்கள். சாறு அபாரமானது.

மூன்று சுற்றுத் தேநீரையும் சொல்லியாக வேண்டும். முதல் சுற்று கசப்பு: சின்ன மண்குடுவையில் தேயிலையைப் போட்டுத் தணலில் குலுக்கிக் குலுக்கி வறுத்து, மணம் வந்ததும் கொதிநீர் ஊற்றுவார்கள், சுர்ரென்று இடி போல ஒரு சத்தம் எழும். இரண்டாவது இனிப்பு: நாட்டுச் சர்க்கரை, சீவிய அக்ரூட் பருப்பு, ரூஷான் துண்டு. மூன்றாவது தேன், இஞ்சி, பட்டை, சிச்சுவான் மிளகு. அதில் எல்லாச் சுவையும் ஒன்றாக வந்து நாக்கில் தங்கும். முதலில் கசப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் அசைபோடல் என்று வாழ்க்கையோடு சேர்த்து விளக்குவார்கள். 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சீனத் தேநீர் மரபுகளில் இதுவும் உண்டு. படகிலும் அரங்கிலும் ஆட்டம் பாட்டத்தோடு காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று முடிவுகட்டாதீர்கள். வறுக்கும் மணமும் அந்தச் சத்தமும் இல்லையென்றால் பாதி போய்விட்டது. தணல் அடுப்பு வைத்திருக்கும் வீட்டுத் தங்குமிடமோ சிறு தேநீர்க் கடையோ கிடைத்தால் அங்கே உட்காருங்கள்.

ஷிஜோவுக்கு வடக்கே ஜோவ்செங், சாயத்துணி ஊர். துணியை மடித்து நூலால் தைத்து இறுக்கி, அவுரி போல நீலம் தரும் செடிச் சாயத்தில் பலமுறை முக்கி, உலர்த்தி, பிறகு தையலைப் பிரித்தால் தைத்த இடமெல்லாம் வெள்ளைப் பூவாக விரியும். இந்தக் கலை 2006இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வாசல்படியில் உட்கார்ந்து பெண்கள் தைப்பதை இன்றும் பார்க்கலாம். ஒரே சீரான, பளிச்சென்ற நீலத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரசாயனச் சாயம். கைத்துணியில் நீலம் ஆழமும் வெளிர்ப்புமாக ஓடும், விளிம்பில் ஊசித்துளை தெரியும்.

இந்த ஊர்களில் காதில் விழுவது சீன மொழி என்று நினைத்துவிடாதீர்கள். பை மொழி தனி மொழி, சீன–திபெத்தியக் குடும்பத்தில் அதன் சரியான இடம் எது என்று மொழியியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சீன எழுத்துகளையே வளைத்துத் தங்கள் மொழியை எழுதிய காலமும் இருந்தது. 1450இல் யாங் ஃபு என்பவர் இந்த மலையையும் ஏரியையும் பாடி, பை மொழியில் கல்லில் வெட்டிய பாட்டு இன்றும் இருக்கிறது. ஏழு, ஏழு, ஏழு, ஐந்து அசையாக ஓடும் அந்த அடியமைப்பிலேயே கிராமத்து மக்கள் இப்போதும் நாட்டுப்பாட்டுக் கட்டுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் பை மக்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு மொழிக்கு அது சின்னக் கூட்டமில்லை, ஆனால் பள்ளியும் தொலைக்காட்சியும் வேலையும் சீனத்தில் இருக்கும்போது பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் பதில் சொல்வார்கள் என்ற கவலை எல்லா ஊருக்கும் பொதுவானதுதான்.

இனி ஏரி. கரையோரத்தில் காபி குடித்துக்கொண்டே தண்ணீரைப் பார்க்கும் படங்களை நம்பிப் போகிறவர்கள், சில இடங்களில் ஏன் கரையை ஒட்டி ஒரு கட்டடமும் இல்லை என்று கேட்கிறார்கள். 1996, 2003, 2013 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, தண்ணீர் கெட்டு நாறியது. 1996இலேயே கூண்டு மீன்வளர்ப்பையும் இயந்திரப் படகு மீன்பிடியையும் நிறுத்தினார்கள். அப்படியும் தீரவில்லை. வடக்கே எர்யுவானிலிருந்து வரும் ஆறுகள்தான் ஏரியின் பெரும் நீர்வரத்து, அவற்றோடு மாட்டுச் சாணக் கழிவும் பூண்டு வயல்களில் கொட்டிய உரமும் வந்து சேர்ந்தன. ருசித்துச் சாப்பிடும் அந்த ரூஷானின் மாடுகளும் இந்தக் கணக்கில் உண்டு. அதற்கு மேல் சுற்றுலா பெருகி, ஷுவாங்லாங் போன்ற மீனவ ஊர்களில் நீரை ஒட்டி வரிசை வரிசையாக விடுதிகள் எழுந்தன, கழிவுநீர்க் குழாய் அவற்றின் வேகத்துக்கு எழவில்லை.

2017 ஏப்ரலில், கரையோரப் பாதுகாப்புப் பகுதியில் இருந்த உணவகங்களையும் விடுதிகளையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது அரசு. அடுத்த ஆண்டு கரையை ஒட்டியிருந்த 1,806 குடும்பங்களை இடம் மாற்றும் வேலை தொடங்கியது. நீரும் உரமும் அதிகம் கேட்கும் பூண்டு விவசாயம் தடை செய்யப்பட்டது. சுற்றிலும் குழாய் பதித்துக் கழிவுநீரைத் திருப்பினார்கள். வீடுகளும் வயல்களும் இருந்த இடத்தில் இப்போது 129 கிலோமீட்டர் நீளப் பசுமைப்பாதை ஓடுகிறது. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், கார் நுழையாது. ஏரியைக் காப்பாற்றியது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன், தண்ணீர் தெளிந்திருக்கிறது. ஆனால் கடன் வாங்கி விடுதி கட்டியவரும், நல்ல விலை கிடைத்த பூண்டை விட்டுவிட்டு நெல்லுக்கும் அவரைக்கும் திரும்பிய விவசாயியும், தலைமுறையாக இருந்த வாசலை இழந்த குடும்பமும் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் சைக்கிளில் போகும்போது இந்தச் செலவு யாருடையது என்பது மனதில் இருக்கட்டும்.

மீனின் கதை இன்னும் வருத்தமானது. இந்த ஏரிக்கே உரிய ‘வில் மீன்’ ஒரு காலத்தில் அரண்மனைக்குப் போன பண்டம். மின்னுற்பத்திக்காக நீர்மட்டம் மாறியதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டைகளும் அவற்றோடு தெரியாமல் வந்த சின்ன மீன்களும் முட்டையைத் தின்றதுமாக, இயற்கையில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. இப்போது பண்ணையில் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். நீர்க்காகத்தை வைத்து மீன்பிடிக்கும் காட்சியும் இன்று பார்வையாளருக்காக நடத்தப்படுவது.

போக நல்ல காலம் கேட்டால்: குளிர்காலம் வறண்டு தெளிவாக இருக்கும், சிகரத்தில் பனி தெரியும், பிப்ரவரி மார்ச்சில் காற்று கடுமை. ஜூன் முதல் மழை. சந்திர நாள்காட்டியின் மூன்றாம் மாதம் 15ஆம் நாள் தொடங்கும் மூன்றாம் மாதச் சந்தை பெரும்பாலும் ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வரும். குதிரைப் பந்தயம், மூலிகை, பாட்டு என்று பழைய நகரத்துக்கு மேற்கே மலையடிவாரம் ஒரு வாரம் நிரம்பி வழியும். ஆறாம் மாதம் 25ஆம் நாள் தீப்பந்தத் திருவிழா. பிலுவோகே மற்ற தலைவர்களை விருந்துக்கு அழைத்து மாளிகையோடு எரித்ததாகவும், முன்கூட்டியே சந்தேகப்பட்டு ஒரு தலைவனின் மனைவி பைஜி கணவன் கையில் இரும்பு வளையம் மாட்டி அனுப்பியதாகவும், பிறகு சாம்பலை வெறுங்கையால் தோண்டி அந்த வளையத்தை வைத்தே அவன் உடலை அடையாளம் கண்டதாகவும் கதை. தோண்டியதில் ரத்தம் கசிந்த அவள் விரல்களை நினைத்து, அந்த நாளில் பெண்கள் காசித்தும்பையை அரைத்து நகத்தில் சிவப்பு ஏற்றிக்கொள்கிறார்கள்.

விடிகாலையில் ஷிஜோவ் சந்தைக்குப் போனால், நீளமான பச்சைத் தண்டுகளைக் கட்டாகச் சுருட்டி, நுனியில் சின்ன வெள்ளைப் பூக்களோடு விற்பதைப் பார்க்கலாம். ‘ஹாய்சாய்’, ஏரிக்கீரை. சுத்தமான தண்ணீரில் மட்டும் வளரும், சேப்பங்கிழங்கோடு சேர்த்துச் சூப் வைத்தால் வழவழவென்று தொண்டையில் இறங்கும், சைவர்களும் கவலையில்லாமல் குடிக்கலாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று மட்டும் சமைப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏரி கெட்ட ஆண்டுகளில் அது எர்ஹாயிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. சந்தைக்கு வருவது இப்போது பெரும்பாலும் எர்யுவான் பக்கத்து நீர்வயல்களில் பயிராக்கியது. ஆனால் ஏரியின் சில ஓரங்களில், தண்ணீருக்கு மேலே அந்த வெள்ளைப் பூ மறுபடியும் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது.